‘ஆர்’ விகுதி

மரியே வாழ்க
குளத்தூர்,
12.6.2024

அன்புள்ள தங்கை சந்தனத்துக்கு,

அண்ணன் சவரியப்பன் எழுதுவது. இங்கே யாவரும் சுகம். பெங்களூரில் உன் முழங்கால் வலி குறைந்ததா? பிளெஸ்ஸிக்கும் மருமகனுக்கும் என் ஆசீர்.

போனில் சொல்லக்கூடிய செய்திதான். ஆனால் என் வலது காது அறவே போய்விட்டது. இடது காதில், ஆள் பக்கத்தில் நின்று பேசினால் கேட்கிறது. போன் என்றால் இரைச்சல்தான். அதனால் எழுதுகிறேன்.

நம் தம்பி செம்மலின் மகன் அறிவுச்செல்வன் ஒரு நல்ல காரியம் தொடங்கியிருக்கிறான். அப்பா பிறந்து நூறு ஆண்டு ஆகிறதல்லவா? வருகிற கல்லறைத் திருநாளில் நம் குடும்பத்தில் இறந்தவர்களுக்குப் பூசை வைத்து, ஒரு நினைவு மலரும் அச்சிட்டு ஊராருக்குக் கொடுக்கப் போகிறான். அப்பா, அம்மா, தங்கை அருள்மணி, தம்பி செம்மல் ஆகிய நால்வரின் வாழ்க்கைக் குறிப்புகளையும் என்னை எழுதச் சொன்னான். “பெரியப்பா, தமிழ் வாத்தியார் நீங்க இருக்கையில நான் வெளியாள்ட்ட போவேனா?” என்றான்.

எழுதிவிட்டேன். ஒவ்வொன்றையும் மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இன்னும் திருப்தி இல்லை. பாடநூலில் அறிஞர்களின் வரலாறு வருமே, அந்த வாடை அடிக்கிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது. படிகளை இத்துடன் இணைத்துள்ளேன். எனக்கு நினைவில்லாதது உனக்கு இருக்கலாம். குறைகளை எழுது. அறிவுச்செல்வன் ஒரே ஒரு நிபந்தனை சொல்லியிருக்கிறான்: நல்லதை மட்டும் எழுத வேண்டும்.

அன்பு அண்ணன்,
சவரியப்பன்


பெங்களூரு,
25.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சந்தனம் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பிளெஸ்ஸி உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு, “மாமா இன்னும் தபால்லயா இருக்காங்க? வாட்ஸ்அப்ல போடச் சொல்லும்மா” என்றாள். உங்கள் போன் எப்போதும் அறிவுச்செல்வன் கையில் இருக்கும் என்று அவளுக்கு எங்கே தெரியும்? நானும் கடிதமே எழுதுகிறேன்.

அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வேலைக்குச் சைக்கிளில் பட்டிதொட்டியெல்லாம் போனது, ஹாண்டில்பாரில் ஜெபப்புத்தகப் பை தொங்கியது எல்லாம் கண்ணில் வந்தது.

ஆனால் அம்மாவை நீங்கள் மெழுகுச் சிலையாக்கிவிட்டீர்கள். ‘சினமே அறியாதவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மீன் குழம்புச் சட்டியைப் போட்டு உடைத்தது மறந்துவிட்டதா? அருள்மணி அக்காவுக்கு நர்சு டிரெயினிங்கில் இடம் கிடைத்தபோது அப்பா, “பொட்டப்புள்ள நாலு ஆம்பளையத் தொட்டுப் பாக்குற வேல வேணாம்” என்றார். அம்மா அடுப்பில் இருந்த சட்டியைத் தூக்கி அப்பா முன்னால் போட்டுவிட்டு, “எம்மவ போறா” என்றார். அவ்வளவுதான். தவக்காலம் நாற்பது நாளும் அப்பா அம்மாவோடு பேசவில்லை. அக்கா டிரெயினிங் போய்விட்டது. அம்மாவின் வாழ்க்கையில் எழுதுவதற்கு அதைவிட என்ன இருக்கிறது?

நீங்கள் முறையாகப் பதில் எழுதுகிறவர். ஆகவே என் கேள்விகளுக்கு எண் போட்டே தருகிறேன்.

ஒன்று: சட்டி உடைந்ததைச் சேர்ப்பீர்களா?

இரண்டு: அப்பாவுக்கு ‘அவர்’. அம்மாவுக்கும் ‘அவர்’. செம்மலுக்கும் ‘அவர் வணிகத்தில் முத்திரை பதித்தார்’. (நம்ம செம்மலா? டவுசர் அவிழ அவிழ ஓடினவனா?) அக்காவுக்கு மட்டும் ஏன் ‘அவள் பிறந்தாள், அவள் படித்தாள், அவள் காலமானாள்’? செம்மல் அக்காவுக்கு இளையவன்தானே?

மூன்று: ‘பணி ஓய்வு பெற்ற பின்னும் சேவை மனப்பான்மையால் மீமிசலிலேயே தங்கிவிட்டாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கா ஓய்வு பெற்றதும் பெட்டி படுக்கையோடு நம் வீட்டுக்குத்தானே வந்தது? நான்கு வருடம் இருந்ததே. பிறகு ஏன் மீமிசலுக்கே திரும்பிப் போனது? அன்றைக்கு நீங்களும் அந்தக் கூடத்தில்தானே உட்கார்ந்திருந்தீர்கள்?

நான்கு: காது டாக்டரைப் பார்த்தீர்களா?

தங்கை,
சந்தனம்


மரியே வாழ்க
குளத்தூர்,
11.7.2024

அன்புள்ள தங்கை சந்தனத்துக்கு,

அண்ணன் சவரியப்பன் எழுதுவது. சுகம், உன் சுகத்துக்கு வேண்டுகிறேன். உன் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

ஒன்று: சட்டி உடைந்தது எனக்கும் நினைவிருக்கிறது. குழம்பு அப்பாவின் வேட்டியில் தெறித்தது. அறிவுச்செல்வனிடம் மெதுவாகக் கேட்டேன். “பெரியப்பா, நெனவு மலர்ல சண்டையெல்லாமா போடுவாங்க?” என்று சிரித்தான். நியாயம்தான் என்று பட்டது. விட்டுவிட்டேன். ‘கல்வியில் நாட்டம் கொண்டவர்’ என்று அம்மாவைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

இரண்டு: இதை நான் வேண்டுமென்று செய்யவில்லை. நீ எழுதிய பிறகுதான் கவனித்தேன். தமையன் தன் தங்கையைக் குறிக்கும்போது ‘அவள்’ என்பது வழக்குதான். செம்மலும் எனக்கு இளையவன், அவனுக்கு மட்டும் எப்படி ‘அவர்’ வந்தது என்று நீ கேட்பாய். அவன் ஒரு குடும்பத்தின் தலைவன், மகன் அச்சிடுகிறான். எனக்கே இந்த விடை நிறைவாக இல்லை. மேலும், நம் பக்கத்துப் பேச்சில் ‘அக்கா வந்துச்சு, ஆத்தா போச்சு’ என்று அஃறிணையில்கூடச் சொல்கிறோம். நீயே ‘அக்கா போய்விட்டது’ என்றுதான் எழுதியிருக்கிறாய். அது இழிவு இல்லை; அன்பு. இதையும் நீ கருத வேண்டும்.

நான்கு: புதுக்கோட்டையில் டாக்டரைப் பார்த்தேன். கருவி வைக்கலாம் என்றார். வயதுக்கு இது போதும் என்று வந்துவிட்டேன்.

இங்கே இன்னும் மழை இல்லை. பக்கத்து வயல்காரர் ஆழ்குழாய் போட்டுப் பார்த்தார், புகைதான் வந்தது.

அன்பு அண்ணன்,
சவரியப்பன்


பெங்களூரு,
20.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சந்தனம் எழுதுவது. நீங்கள் நலம் என்பதில் சந்தோஷம். நானும் நடமாடுகிறேன்.

ஒன்றுக்குப் பதில் வந்தது. இரண்டுக்கு வந்தது. நான்குக்கு வந்தது. மூன்றைக் காணோம். பரீட்சையில் பிள்ளைகள் இப்படி எழுதினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

‘வந்துச்சு, போச்சு’ என்பது அன்பு என்கிறீர்கள். நானும் அப்படித்தான் பேசுகிறேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ‘அப்பா வந்துச்சு’ என்று நம் தெருவில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அந்த அன்பு ஏன் அப்பாக்களுக்குக் கிடைப்பதில்லை?

மூன்றாவதை நானே எழுதுகிறேன். அக்கா எனக்கு மீமிசலிலிருந்து போன் பண்ணிச் சொன்னது. ஒரே ஒரு முறைதான் சொன்னது.

செம்மல் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அக்கா எல்லாருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தது. மாப்பிள்ளையின் அம்மா, “இவுங்க யாரு?” என்று கேட்டார். செம்மல் சொன்னான்: “அதுவா? அது இங்கன ஒத்தாசைக்கு இருக்கு.” அந்த அம்மா காலி டம்ளரை முகம் பார்க்காமல் அக்கா கையில் கொடுத்துவிட்டு, “செருப்பு வெயில்ல கெடக்கு, கொஞ்சம் நெழல்ல எடுத்துப் போடு” என்றார். அக்கா எடுத்துப் போட்டது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மீமிசல் போய்விட்டது.

“சந்தனம், எத்தனை பேரு புள்ளைக்கு ‘ஆம்பளப் புள்ள, பொம்பளப் புள்ள’ன்னு நான் மொதல்ல சொல்லியிருக்கேன். கடைசியில எனக்கு ரெண்டும் இல்லாம ஆக்கிட்டான்டி” என்று சொல்லிச் சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது, அண்ணன்.

செம்மலும் போய்விட்டான். அவனை நரகத்துக்கு அனுப்ப எனக்கு ஆசையில்லை. அக்காவின் பக்கத்தை எழுதுவதற்கு முன்னால் ஒரு தரம் மீமிசல் போய்வாருங்கள். கடைசி வரை அக்கா குடியிருந்த வீட்டு அம்மா பெயர் ரம்லத் பீவி. மீன் ஏலம் விடுகிற இடத்துக்குப் பின்னால் என்று கேட்டால் காட்டுவார்கள்.

தங்கை,
சந்தனம்


மரியே வாழ்க
குளத்தூர்,
2.9.2024

அன்புள்ள தங்கை சந்தனத்துக்கு,

அண்ணன் சவரியப்பன் எழுதுவது. பதில் எழுதத் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. போகலாமா வேண்டாமா என்று ஆடி முழுவதும் யோசித்துவிட்டு, சென்ற வாரம் மீமிசல் போய்வந்தேன். வீட்டில் காது டாக்டரிடம் போவதாகச் சொன்னேன். புதுக்கோட்டை வரை அது பொய்யில்லை. அங்கிருந்து அறந்தாங்கி பஸ் ஏறினேன்.

ரம்லத் பீவி வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் அருள்மணியின் அண்ணன் என்றேன்.

“எந்த அண்ணன்? பரிச்சை பேப்பர் திருத்துற அண்ணனா?”

ஆமாம் என்றேன்.

“சொல்லுவாங்க. எங்கண்ணன் அடுத்தவுங்க தப்பத் திருத்தித் திருத்தியே கண்ணக் கெடுத்துக்கிட்டாருன்னு. உசுரோட இருந்தப்ப ஒரு வாட்டி வந்திருக்கக் கூடாதா? சரி சரி, நிக்காதீங்க, உள்ள வாங்க. நர்சம்மா அண்ணனப் பட்டினியா அனுப்புனேன்னா அவுங்க ராவுல வந்து என்னைய ஏசுவாங்க.”

சாப்பாடு போட்டார். என் செவிட்டைக் கண்டுகொண்டு இடப்பக்கம் வந்து உட்கார்ந்து உரக்கப் பேசினார். அவருடைய மகன் முகமது ரபீக் பிறந்த கதையைச் சொன்னார். கால் முதலில் வந்த பிள்ளையாம். வெளியே புயல் மழை, வண்டி இல்லை.

“நான் அலறுறேன், முக்க மாட்டேங்குறேன். அவுங்க பாத்தாங்க. என் கன்னத்துல பளார்னு ஒண்ணு விட்டாங்க பாருங்க! அந்த அதிர்ச்சியிலதான் புள்ள வெளிய வந்தான். இப்ப சவுதியில இருக்கான். லீவுல வந்தா மொதல்ல அவுங்களப் பாத்துட்டுத்தான் என்னையப் பாப்பான். எனக்குப் பொறாமையா இருக்கும். ‘ஒன்னைய அடிச்சு என்னைய எடுத்தவுங்கம்மா’ம்பான்.”

ஓய்வு பெற்றவள் திரும்பி வந்ததைப் பற்றியும் கேட்டேன். அவர் கையை உதறினார். “ஒரு பெட்டியோட வந்து நின்னாங்க. ‘ரம்லத்து, ரூம்பு காலியா இருக்கா’ன்னாங்க. நான் ஏன்னு கேக்கல. கேட்டா அவுங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல?” பிறகு, மாரடைப்பில் போன அன்று உடலை நம் ஊருக்குக் கொண்டுவர ஆம்புலன்சில் ஏற்றும்போது மீன் ஏலத்தை நிறுத்திவிட்டார்கள் என்றார். “மீனு வெயில்ல கெடந்துச்சு. ஒருத்தரு வெல கூறல. வண்டி ரோட்டு வளைவு திரும்புற வரைக்கும்.”

பஸ்ஸில் வரும்போது ஒன்றை நினைத்துப் பார்த்தேன். அந்த அம்மா பேசிய நேரமெல்லாம் ஒரு தடவைகூட ‘அவ’ என்றோ ‘அது’ என்றோ வாயில் வரவில்லை. பள்ளிக்கூடம் போகாதவர். யாரும் அவருக்கு விகுதி கற்றுத்தரவில்லை.

அருள்மணியின் பக்கத்தை மறுபடி எழுதப் போகிறேன். ‘அவர்’ என்றே எழுதுவேன். மீமிசலுக்கு ஏன் திரும்பினார் என்பதைப் பற்றி என்ன எழுதுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இதை நீ யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அன்பு அண்ணன்,
சவரியப்பன்


பெங்களூரு,
12.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சந்தனம் எழுதுவது. நீங்கள் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். கடிதத்தைப் பிளெஸ்ஸிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ‘பளார்’ வந்த இடத்தில் அவள் கைதட்டினாள்.

நீங்கள் மீமிசல் போய்வந்ததே எனக்குப் பாதி பாரம் இறங்கினதுபோல் இருக்கிறது. மீதிப் பாதியையும் எழுதிவிடுங்கள், அண்ணன். கடுமையாக வேண்டாம். ‘சொந்த வீட்டில் மரியாதை கிடைக்காததால் தன்னை மதித்த ஊருக்கே திரும்பினார்’ என்று ஒரே வரி போதும். செம்மல் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். ஆண்டவர் உங்களுக்குத் தைரியம் கொடுக்கட்டும்.

தங்கை,
சந்தனம்


மரியே வாழ்க
குளத்தூர்,
4.10.2024

அன்புள்ள தங்கை சந்தனத்துக்கு,

அண்ணன் சவரியப்பன் எழுதுவது. இங்கே யாவரும் சுகம். உன் கடிதம் கிடைத்தது. கவரின் ஓரம் பிரிந்திருந்தது. இப்போது வருகிற கவர்களில் பசை சரியாக இருப்பதில்லை. இனி எழுதும்போது ஓரத்தில் சற்று அதிகமாகவே ஒட்டு.

அன்று சாயங்காலம் அறிவுச்செல்வன் கடையிலிருந்து வந்ததும் என் அறைக்கு வந்தான். வழக்கமாக வரமாட்டான். இடப்பக்கமே உட்கார்ந்தான்.

“காது டாக்டரு மீமிசல்லயா இருக்காரு, பெரியப்பா?” என்றான்.

நான் மேசையில் இருந்த தாள்களை அடுக்கினேன்.

“அத்தைய நானும் மதிக்கிறவன்தான். ஆனா நாலு பேரு வாங்கிப் படிக்கிற புஸ்தகம். எங்கப்பா செத்து முழுசா அஞ்சு வருசம் ஆகல. அவரு மானத்த வாங்கி அதுல பூசை வைக்கவா? சின்னத்தைக்கென்ன, பெங்களூர்ல ஒக்காந்துக்கிட்டு எழுதுவாங்க. இந்த வீட்டுல, இந்த ஊர்ல கெடக்குறது நானும் நீங்களும்தான?”

அவன் குரல் உயரவில்லை. என்னைப் பார்த்து மரியாதையாகத்தான் பேசினான். அவனுக்கும் தகப்பன் மேல் பாசம் இருக்காதா என்றும் தோன்றியது. எது சரி என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு செய்தி. மாடி அறையில் கடைச் சரக்கு வைக்க வேண்டியிருக்கிறதாம். ஆகவே நான் கீழே, கொல்லைப்புறத்து அறைக்கு வந்துவிட்டேன். முட்டிக்கு நல்லதுதான், படியேற வேண்டாம். மின்விசிறி வேலை செய்யவில்லை. ஆனால் ஜன்னலைத் திறந்தால் காற்று வருகிறது. சுவரில் யாரோ அடித்த ஆணி ஒன்று இருக்கிறது. ஜெபமாலையை அதில் மாட்டிக்கொண்டேன்.

அந்த ஒரு வரியை எழுத முடியும் என்று தோன்றவில்லை. ‘அவர்’ என்பதை மட்டும் பார்க்கிறேன்.

அன்பு அண்ணன்,
சவரியப்பன்


பெங்களூரு,
13.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சந்தனம் எழுதுவது. இந்தக் கவரை முழுக்க டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். அப்படியும் பிரித்தால், பிரித்தவர்கள் படித்துக்கொள்ளட்டும்: அறிவு, அத்தை நல்லா இருக்கேன்பா.

கொல்லைப்புறத்து அறை யாருடையது என்று எனக்குத் தெரியாதா? நான்கு வருடம் அக்கா படுத்த அறை. அந்த ஆணியை அடித்ததும் அக்காதான், ஜெபமாலைக்காகத்தான்.

என்னிடம் வந்துவிடுங்கள் என்று எழுதக் கை துடிக்கிறது. எழுத முடியவில்லை. நானே மருமகன் வீட்டில் இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் போய் உட்காருகிறேன், கூப்பிடாவிட்டால் பசிக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். பிளெஸ்ஸி நல்ல பிள்ளை. ஆனாலும் இது என் வீடு இல்லை.

உங்களை அங்கே வைத்துக்கொண்டு இங்கிருந்து நான் வீரம் பேசக் கூடாது. அந்த வரியை விட்டுவிடுங்கள். காரணம் எதுவும் வேண்டாம். ‘சேவை மனப்பான்மை’ என்றே இருக்கட்டும். அக்காவுக்கு அந்த விகுதியை மட்டும் கொடுங்கள், அண்ணன். வேறொன்றும் கேட்க மாட்டேன்.

தங்கை,
சந்தனம்


மரியே வாழ்க
குளத்தூர்,
6.11.2024

அன்புள்ள தங்கை சந்தனத்துக்கு,

அண்ணன் சவரியப்பன் எழுதுவது. முழங்காலால் நீ வர முடியாமல் போனது பற்றி வருந்த வேண்டாம். கல்லறைத் திருநாள் நல்லபடியாக முடிந்தது. அப்பா, அம்மா, அருள்மணி, செம்மல் நான்கு பேர் கல்லறைக்கும் வெள்ளையடித்துப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றினோம். பங்குச் சாமியார் நான்கு பெயரையும் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார்.

நினைவு மலர் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். பதினோராம் பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் இதைப் படி.

அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்தப் புதுக்கோட்டை அச்சகத்துக்கு நானே போனேன். நான் முதலில் எழுதிக்கொடுத்த படியையே வைத்து, அருள்மணியின் பக்கம் பழையபடி ‘அவள்’ என்றே கோத்திருந்தது. நான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரியிலும் எழுவாயையும் வினைமுற்றையும் திருத்தினால் பக்கமே சிவந்துபோகும். இவ்வளவு திருத்தம் என்றால் அச்சகத்தார் அறிவுச்செல்வனிடம் கேட்பார்கள். அந்த நேரம் பார்த்து அவனே அவர்களுக்குப் போன் செய்தான். “பெரியப்பா பாத்துட்டாரா? முடிச்சிரலாமா?” என்று கேட்டிருக்கிறான்.

நான் அவசரமாகப் பக்கத்தின் தலையில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு மட்டும் எழுதினேன்: ‘அவள் என வருமிடமெல்லாம் அவர் எனத் திருத்துக.’ மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். கம்ப்யூட்டரில் இருந்த பெண் நான் எழுதியதை எழுதியபடி செய்துவிட்டது. ஒரு பொத்தான்தானாம்.

‘அவர் 1949ஆம் ஆண்டு பிறந்தாள். அவர் செவிலியர் பயிற்சி பெற்றாள். அவர் மீமிசலிலேயே தங்கிவிட்டாள். அவர் காலமானாள்.’

‘அவளுடைய’ என்பது மட்டும் எழுத்து வேறாக இருந்ததால் மாறாமல் நிற்கிறது.

ஊரில் யாரும் கவனிக்கவில்லை. அறிவுச்செல்வனும் கவனிக்கவில்லை, அவன் அப்பா பக்கத்து வண்ணப்படத்தைத்தான் பார்த்தான். என்னிடம் படித்த பழனிச்சாமி, இப்போது மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர், அவனும் வந்திருந்தான். கல்லறை வாசலில் புத்தகத்தைப் புரட்டினவன் என் காதருகே வந்து, “ஐயா, இதே தப்புக்குத்தான் பத்தாவதுல என்னைய பெஞ்சு மேல ஏத்துனீங்க” என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். நானும் சிரித்தேன்.

நீ கேட்டது ஒரு விகுதி. முப்பத்திரண்டு ஆண்டுகள் எழுவாய்க்கும் பயனிலைக்கும் இயைபு கற்பித்தவன் நான்.

அன்பு அண்ணன்,
சவரியப்பன்


பெங்களூரு,
17.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சந்தனம் எழுதுவது. புத்தகம் வந்தது. பதினோராம் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். முதலில் கோபம் வந்தது. உங்கள் மேலும் வந்தது, மறைக்கவில்லை. வீசி எறிந்துவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் எடுத்து மறுபடி படித்தேன்.

‘அவர் காலமானாள்.’

இலக்கணம் எனக்குத் தெரியாது, அண்ணன். ஆனால் அக்காவைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் எழுத முடியாது. ‘அவர்’ மீமிசல் கொடுத்தது. ‘ஆள்’ நாம் கொடுத்தது. இரண்டும் ஒட்டாமல் ஒரே வரியில் கிடக்கின்றன. நம் அக்கா அப்படித்தானே வாழ்ந்தது?

சிவப்புப் பேனாவை எடுத்துப் பிரதி பிரதியாகத் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள். செய்யக்கூடிய ஆள் நீங்கள். வேண்டாம். அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும்.

ரம்லத் பீவிக்கு மட்டும் பிரதி அனுப்பாதீர்கள். யாராவது அவருக்குப் படித்துக் காட்டுவார்கள். நமக்கு அவமானம்.

குளிர் வருகிறது. கொல்லைப்புறத்து அறையில் கதவிடுக்கு வழியாகக் காற்று அடிக்கும் என்று அக்கா சொல்லும். கோணிச் சாக்கை மடித்துக் கீழே செருகிக்கொள்ளுங்கள்.

தங்கை,
சந்தனம்


மரியே வாழ்க
குளத்தூர்,
12.1.2025

அன்புள்ள தங்கை சந்தனத்துக்கு,

அண்ணன் சவரியப்பன் எழுதுவது. கிறிஸ்துமசுக்கு எழுதாமல் போய்விட்டேன். உடல்நலத்தில் குறைவில்லை. நீ சொன்னபடி சாக்கை மடித்துச் செருகினேன், குளிர் குறைந்தது. நீயும் கால்களில் உறை போட்டுக்கொள். உன் சொற்படி பிரதிகளைத் திருத்தவில்லை. மீதமிருந்தவற்றை அறிவுச்செல்வன் இந்த அறையில்தான் கட்டி வைத்திருக்கிறான். கட்டில் பக்கத்தில் இருக்கின்றன.

நேற்று அறிவுச்செல்வன் மகள் அன்புமொழியைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். திருச்சியில் வேலை. பிள்ளைக்கு அமைய வேண்டும் என்று நீயும் வேண்டிக்கொள். நான் வேட்டி மாற்றிக்கொண்டு கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். பரபரப்பில் மறந்திருக்கலாம்.

கை கழுவ மாப்பிள்ளையின் தகப்பனார் கொல்லைப்பக்கம் வந்தார். அறிவுச்செல்வன் செம்பில் தண்ணீர் ஊற்றினான். என் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. நான் கட்டிலில் இடப்பக்கத்தைக் கதவுக்குக் காட்டி உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “யாரோ பெரியவரு இருக்காரு போல?” என்றார்.

“அதுவா? அது பாட்டுக்கு இருக்கும். காது கேக்காது” என்றான் அறிவுச்செல்வன்.

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டான். வேலை நெருக்கடி. நம் பக்கத்துப் பேச்சே அப்படி. ‘இருக்கும்’ என்பது செய்யுமென் முற்று. அது ஆண்பாலுக்கும் வரும், இலக்கணத்தில் இடமுண்டு. அப்படி எடுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். ஆனால் ‘அது’ என்ற எழுவாய்க்கு இடம் இல்லை. ஒருவேளை நான்தான் தவறாகக் கேட்டேனோ என்றும் நினைத்தேன். இல்லை. மற்றச் சொற்களெல்லாம் தேய்ந்துதான் வந்தன. அந்த ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது.

அவர்கள் போன பிறகு காபி வந்தது. ஆறியிருந்தது. குடித்தேன்.

அன்று நான் கூடத்தில் உட்கார்ந்திருந்ததைப் பற்றிய உன் மூன்றாவது கேள்வி நினைவிருக்கிறது, சந்தனம். அதைப் பற்றி யோசிக்க இங்கே நிறைய நேரம் இருக்கிறது.

கடிதத்தை மடிக்குமுன் பிழை இருக்கிறதா என்று முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். ‘அண்ணன் சவரியப்பன் எழுதுவது’ என்று தொடங்கியிருக்கிறேன். நான் கடிதம் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான் எழுதிவருகிறேன். ‘எழுதுவது’ என்ற சொல்லின் கடைசியில் ‘அது’ இருப்பதை இதுவரை கவனித்ததில்லை. அடித்துவிட்டு ‘எழுதுகிறார்’ என்று மாற்றலாமா என்று பேனாவை எடுத்தேன். பிறகு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சவரியப்பன்